‘இந்து’ என்னும் பெயரும் அடிப்படை நம்பிக்கைகளும்: தோற்றமும் வரையறையும்

ஆய்வுச்சுருக்கம்

இந்து சமயத்தைத் தோற்றுவித்தவர் என ஒருவரைச் சுட்ட இயலாது. அதனைச் சார்ந்தோர் அனைவரும் ஒருங்கே ஏற்கும் ஒரு நூலோ ஒரு கோட்பாடோ இல்லை. எனினும் ‘இந்து யார்?’ என்னும் வினாவுக்கு ஆட்சியாளர்களும் நீதிமன்றங்களும் தொடர்ந்து விடையளித்து வந்துள்ளனர். இக்கட்டுரை ‘இந்து’ என்னும் பெயர் கடந்துவந்த பொருள் மாற்றங்களையும், அச்சமயத்தின் அடிப்படை நம்பிக்கைகள் எனப்படுவன வெவ்வேறு காலங்களில் உருப்பெற்ற முறையையும் ஆராய்கிறது. அந்நம்பிக்கைகளுள் எதுவும் தனித்து நின்று ‘இந்து’ என்பதனை வரையறுப்பதில்லை என்பதனையும், வழிபாட்டுரிமை, வாக்குரிமை, திருமணம் ஆகியன பற்றிய சிக்கல்கள் எழுந்தபோதே வரையறைகள் வகுக்கப்பட்டன என்பதனையும் தமிழ்ச் சமய நூல்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சட்டம், தீர்ப்பு ஆகிய சான்றுகளின்வழி நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: இந்து, வேதம், கன்மக் கோட்பாடு, அகச்சமயம், புறச்சமயம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கோயில் நுழைவு, சட்ட வரையறை.

முன்னுரை

ஒரு சமயத்தின் தோற்றத்தை அறிய முற்படுவோர் அதனை நிறுவியவர், அதன் மூலநூல், அதன் அடிப்படைக் கொள்கை ஆகிய மூன்றனையும் தேடுவது வழக்கம். பௌத்தம், கிறித்தவம், இசுலாம் ஆகிய சமயங்களுக்கு இத்தேடல் பெரிதும் பொருந்துகிறது. இந்து சமயத்தை அணுகும்போது இம்மூன்றும் தெளிவான விடை தருவதில்லை. வேதத்தை மூலநூல் எனக் கொண்டால் ஆகமத்தையும் திருமுறையையும் முதன்மையாகக் கொண்டு வாழ்வோரின் சமயம் முழுமையாக விளங்காது. வினைக் கோட்பாட்டை அடிப்படைக் கொள்கை எனக் கொண்டால் சமணமும் பௌத்தமும் அதனுள் அடங்கிவிடும்.

இவ்வேறுபாடுகளைப் ‘பன்மையில் ஒருமை’ என்னும் தொடரால் கடந்து செல்லும் போக்கு பாடநூல்களில் காணப்படுகிறது. அப்பன்மை எவ்வாறு ஒரு பெயரின்கீழ்த் தொகுக்கப்பட்டது, தொகுத்தவர் யாவர், எத்தேவைக்காகத் தொகுத்தனர் என்னும் வினாக்களை அத்தொடர் எழுப்புவதில்லை. அவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரின் தோற்றம்

‘இந்து’ என்பது முதற்கண் ஓர் ஆற்றின் பெயர். இருக்கு வேதத்தில் ஏழு ஆறுகளைக் குறிக்கும் ‘சப்த சிந்து’ என்னும் வழக்கு உண்டு. இதற்கு இணையாக ஈரானியரின் அவெஸ்தா நூலின் வெந்திதாது பகுதியில் ‘ஹப்த ஹெந்து’ என்னும் பெயர் காணப்படுகிறது. ஈரானிய மொழிகளில் சகரம் ஹகரமாகத் திரிவது ஒலியியல் மரபு. பாரசீக மன்னன் முதலாம் தாரியஸ் காலத்து நக்ஷ்-இ-ருஸ்தம் கல்வெட்டு, அவனுடைய ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளுள் ஒன்றாக ‘ஹிந்துஷ்’ என்பதனைக் குறிக்கிறது. கிரேக்கர் ஹகரத்தை நீக்கி ‘இந்தோஸ்’ என வழங்கினர். அராபியர் ‘அல்-ஹிந்த்’ என்றனர். இவ்வழக்குகள் அனைத்தும் ஆற்றையோ நிலத்தையோ அந்நிலத்து மக்களையோ சுட்டின. அவற்றுள் எதுவும் ஒரு சமயத்தின் பெயராக அமையவில்லை.

கி.பி. 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி அரபு மொழியில் விரிவாக எழுதிய அல்-பிரூனி, இந்நாட்டாரின் சமயத்தைப் பிறர் சமயங்களோடு ஒப்பிட்டு நோக்கினார். ஒவ்வொரு சமயத்திற்கும் ஓர் அடையாளக் கொள்கை உண்டு எனக் கருதிய அவர், இந்நாட்டாருக்கு அது மறுபிறப்பு நம்பிக்கை என முடிவுசெய்தார். வெளியிலிருந்து நோக்கிய ஓர் அறிஞர் ‘அடிப்படை நம்பிக்கை’ ஒன்றைத் தேர்ந்தெடுத்த தொடக்ககால முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

இந்நாட்டார் தம்மையே ‘இந்து’ எனச் சுட்டிக்கொண்டது பின்னர் நிகழ்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் விசயநகர மன்னன் முதலாம் புக்கன் ‘ஹிந்துராய சுரத்ராண’ என்னும் விருதுப்பெயரைத் தாங்கினான். ‘இந்து அரசர்களுள் சுல்தான்’ என்பது அதன் பொருள். கபீரின் பாடல்களிலும், 16ஆம் நூற்றாண்டு மராத்தியக் கவிஞர் ஏகநாதரின் உரையாடற் பாடலிலும் ‘இந்து’, ‘துருக்கர்’ என்னும் இணை இடம்பெறுகிறது. எதிரே மற்றொருவர் நிற்கும் சூழலிலேயே இப்பெயர் பயன்படுகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பழந்தமிழ் நூல்களில் ‘இந்து’ என்னும் சொல் திங்களைக் குறிக்கும் வடசொல்லாகவே வழங்கியது. சமயத்தைக் குறிக்கும் ‘இந்து’ அதனோடு ஒலியால் ஒத்திருப்பினும் பிறப்பால் வேறானது. ஆங்கிலத்தில் இச்சமயத்தை ‘இந்துயிசம்’ எனப் பெயரிட்டு வழங்கும் முறை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் எழுத்துகளில் தோன்றியது. 1816ஆம் ஆண்டளவில் இராசாராம் மோகன் ராய் அதனைத் தம் எழுத்தில் ஆண்டார்.

2. நம்பிக்கைகளின் அடுக்குகள்

பெயர் இவ்வாறு பிற்காலத்தது ஆயினும், அப்பெயர் இன்று சுட்டும் நம்பிக்கைகள் தொன்மையானவை. அவை ஒரே காலத்தில் தோன்றவில்லை.

சிந்துவெளி நாகரிகத்தில் சிவ வழிபாட்டின் வேர் உண்டு என்னும் கருத்து, மொகஞ்சதாரோ முத்திரை ஒன்றை அடிப்படையாகக் கொண்டு 1931இல் சர் ஜான் மார்ஷலால் முன்வைக்கப்பட்டது. விலங்குகள் சூழ அமர்ந்துள்ள கொம்புடைய உருவத்தை அவர் பசுபதியின் முன்வடிவம் எனக் கருதினார். அம்முத்திரையின் எழுத்துகள் அனைவரும் ஏற்கும் வகையில் இன்றுவரை படித்தறியப்படவில்லை. ஆகவே அக்கருத்தினை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இருக்கு வேதத்தின் 1028 சூக்தங்களும் வேள்வியை மையமாகக் கொண்ட சமயத்தைக் காட்டுகின்றன. இந்திரன், அக்கினி, சோமன் ஆகியோரே அவற்றில் பெரிதும் போற்றப்படுகின்றனர். உருத்திரனுக்கும் திருமாலுக்கும் உரிய சூக்தங்கள் மிகச் சிலவே. கோயில் வழிபாடு வேதச் சடங்குகளில் இடம்பெறவில்லை. இறந்தோர் இயமனின் உலகில் தம் முன்னோரைச் சேர்வர் என்னும் நம்பிக்கை காணப்படுகிறதேயன்றி, வினைக்கேற்ப மீண்டும் பிறத்தல் என்னும் கோட்பாடு தெளிவாக வகுத்துரைக்கப்படவில்லை.

அக்கோட்பாடு பிரகதாரண்யகம், சாந்தோக்கியம் ஆகிய பழைய உபநிடதங்களில் உருப்பெறுகிறது. பிரகதாரண்யகத்தில் ஆர்த்தபாகன் இறப்புக்குப்பின் மனிதனுக்கு நேர்வது யாது என வினவும்போது, யாக்ஞவல்கியர் அவனைத் தனியே அழைத்துச் சென்று வினையைப் பற்றி உரைக்கிறார். உயிர் மீண்டும் பிறக்கும் வழியை விளக்கும் ஐந்து தீ வித்தையை உத்தாலக ஆருணி என்னும் அந்தணருக்குக் கற்பிப்பவன் பிரவாகண சைவலி என்னும் அரசன். இவ்வறிவு அதற்குமுன் அந்தணரிடம் சென்றதில்லை என்பதனையும் அவன் கூறுகிறான். பின்னர் இச்சமயத்தின் உயிர்நாடியாகக் கருதப்பட்ட கொள்கை, வேத மரபினுள்ளேயே ஒரு புதிய அறிவாக அறிமுகமாகிறது என்பதனை இப்பகுதிகள் உணர்த்துகின்றன.

மூன்றாவது அடுக்கு பத்தியும் உருவ வழிபாடும் ஆகும். மத்தியப் பிரதேசத்தின் பெஸ்நகரில் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் நிறுவப்பட்ட தூண், வாசுதேவனுக்கு எடுக்கப்பட்ட கருடத் தூணாகும். அதனை நிறுவிய ஹெலியோடோரஸ், தட்சசீலத்திலிருந்து வந்த கிரேக்கத் தூதன். பிறப்பால் அயலவனாகிய ஒருவன் தன்னைப் பாகவதன் என அறிவித்துக்கொள்ள இயன்றது என்பதற்கு இத்தூண் சான்று. தமிழகத்தில் 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பிரமன், ஈசுவரன், விட்டுணு ஆகிய மூவருக்கும் குடைவரை அமைத்தான். நாயன்மார்களும் ஆழ்வார்களும் பாடிய பாடல்கள் ஊர்தோறும் உள்ள இறைவனைப் பேசின. வேள்விக்குரிய நெருப்பின் இடத்தைக் கருவறையும், மந்திரத்தின் இடத்தைத் தாய்மொழிப் பாடலும் பகிர்ந்துகொண்டன.

புதிய அடுக்கு பழையதனை முற்றிலும் நீக்கவில்லை என்பது இவ்வளர்ச்சியின் தனித்தன்மை. கோயிற் குடமுழுக்கில் வேள்வி நடைபெறுகிறது. திருமணத்தில் தீ வலம் வரப்படுகிறது. ஆயினும் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்பதனாலேயே இவை தொடக்கம் முதல் ஒரே சமயமாக இருந்தன எனக் கூறுதல் இயலாது.

3. தமிழ்ச் சமய நூல்கள் காட்டும் பகுப்பு

தமிழ் நூல்கள் சமயங்களைப் பகுத்த முறை இதனை மேலும் தெளிவாக்குகிறது. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி ஆகிய பதின்மர் தத்தம் கொள்கையை உரைக்கின்றனர். இங்குச் சைவம், வைணவம், வேதநெறி ஆகிய மூன்றும் ஆசீவகத்தையும் சமணத்தையும் போலவே தனித்தனிச் சமயங்களாக நிற்கின்றன. சைவரையும் வைணவரையும் வேதவாதியையும் ஒன்றாக்கும் பொதுப்பெயர் இக்காதையில் இல்லை.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், உலகாயதம் முதலாகப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு கொள்கைகளை மறுக்கிறது. வைணவ நெறியாகிய பாஞ்சராத்திரமும், அத்துவைதமாகிய மாயாவாதமும், பௌத்தமும் சமணமும் ஆகிய அனைத்தும் அங்கு மறுக்கத்தக்க பிறர் கொள்கைகளே.

சைவ சித்தாந்த மரபு பிற நெறிகளைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்காக வகுத்தது. உலகாயதமும் பௌத்தமும் சமணமும் புறப்புறமாகவும், மீமாஞ்சையும் ஏகான்மவாதமும் பாஞ்சராத்திரமும் புறமாகவும், பாசுபதம் முதலியன அகப்புறமாகவும் அமைந்தன. இப்பகுப்பு இரு செய்திகளை ஒருங்கே தருகிறது. வேதத்தை ஏற்காதோரை மிகத் தொலைவில் நிறுத்துவதனால், பிற்கால ஒருமைக்கு உரிய ஓர் எல்லைக்கோடு இங்குக் காணப்படுகிறது. அதே வேளையில் வைணவமும் அத்துவைதமும் புறத்தே நிற்பதனால், அக்கோட்டினுள் இருப்போர் அனைவரும் ஒரு சமயத்தார் என்னும் எண்ணம் அக்காலத்தார்க்கு இல்லை என்பது புலனாகிறது. ஆகவே ‘இந்து சமயம் ஆங்கிலேயர் படைத்தது’ என்னும் கூற்றும், ‘அது தொன்றுதொட்டு ஒன்றாகவே இருந்தது’ என்னும் கூற்றும் தமிழ்ச் சான்றுகளோடு முழுமையாகப் பொருந்தவில்லை.

4. பொது அளவுகோல்கள்

இந்து சமயத்தின் அடிப்படை நம்பிக்கைகள் எனப் பொதுவாகக் கூறப்படுவன வேதத்தின் தலைமை, வினையும் மறுபிறப்பும், இறைநம்பிக்கை ஆகியனவாம். இவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

வேதத்தின் தலைமையைச் சைவ சித்தாந்தம் ஏற்கிறது. எனினும் வேதம் பொது என்றும் ஆகமம் சிறப்பு என்றும் அது வகுத்தது. தமிழ் வைணவம் ஆழ்வார் பாசுரங்களை வடமொழி வேதத்திற்கு நிகராக வைத்து உபயவேதாந்தம் என்னும் மரபை நிலைநிறுத்தியது. 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணரும் அவரைச் சார்ந்த வசனகாரரும் வேதச் சடங்கையும் பிறப்பு வேற்றுமையையும் வெளிப்படையாக மறுத்தனர்.

வினையும் மறுபிறப்பும் சமணத்திற்கும் பௌத்தத்திற்கும் பொதுவானவை. அவை இந்திய மண்ணில் பிறந்த பல சமயங்களைப் பிற நாட்டுச் சமயங்களிலிருந்து பிரித்துக்காட்டுமேயன்றி, அச்சமயங்களுக்குள் வேறுபாடு காட்டமாட்டா.

இறைநம்பிக்கையும் பொது அளவுகோலாகவில்லை. பண்டைய மீமாஞ்சை வேதத்தை ஆக்கியோன் ஒருவன் இலன் எனக் கொண்டது. ஈசுவரகிருட்டிணரின் சாங்கியம் படைப்புக் கடவுளைத் தன் தத்துவ வரிசையில் சேர்க்கவில்லை. இவ்விரண்டும் வைதிகத் தரிசனங்களாகவே எண்ணப்படுகின்றன.

எனவே இம்மூன்றும் இச்சமய மரபில் நிகழ்ந்த வாதங்களின் பொதுச் சொற்களாக அமைந்தன. அறம், வினை, வீடு ஆகியவற்றைப் பற்றிப் பேசாத நெறி அரிது. அவற்றுக்கு ஒரே பொருள் கொண்ட நெறிகளும் அரிது.

5. காலனிய ஆட்சியும் கணக்கெடுப்பும்

வாதத்திற்கு இடமளித்த இந்நிலை, ஆட்சிக்குரிய பட்டியலாக மாறியது ஆங்கிலேயர் காலத்தில். 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த நீதித் திட்டம், திருமணம், மரபுரிமை போன்றவற்றில் இந்துக்களுக்குச் சாத்திரத்தின்படியும் இசுலாமியருக்குக் குர்ஆனின்படியும் நீதி வழங்கப்படும் என விதித்தது. சாத்திரம் யாது என அறிய வேண்டிய தேவையால் மனுதர்மம் சர் வில்லியம் ஜோன்சால் மொழிபெயர்க்கப்பட்டு 1794இல் வெளியாயிற்று. ஊர்தோறும் குலந்தோறும் வேறுபட்டிருந்த வழக்காறுகளைக் காட்டிலும் எழுத்தில் அமைந்த வடமொழி நூல் நீதிமன்றத்தில் முதன்மை பெற்றது.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. 1906இல் ஆகாகான் தலைமையிலான இசுலாமியர் தூதுக்குழு, தாழ்த்தப்பட்ட சாதியாரையும் பழங்குடியினரையும் இந்துக்களின் எண்ணிக்கையில் சேர்த்தல் பொருந்துமா என்னும் வினாவை எழுப்பியது. 1909இல் தனித்தொகுதிமுறை வந்தபின் எண்ணிக்கை அரசியல் வலிமையாயிற்று. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையர் கெய்ட், இந்து எனப் பதிவுசெய்யப்பட்டோருள் யாரெல்லாம் வழக்கமான அடையாளங்களுக்கு வெளியே நிற்கின்றனர் என அறியப் பத்து அளவுகோல்களை வகுத்தார். பிராமணரின் மேன்மையை மறுத்தல், வேதத்தை ஏற்காமை, பெருந்தெய்வங்களை வணங்காமை, கோயிலின் உள்ளே செல்ல இயலாமை, தீண்டினால் தீட்டு எனக் கருதப்படுதல், இறந்தோரைப் புதைத்தல், மாட்டிறைச்சி உண்ணுதல் ஆகியன அவற்றுள் அடங்கும்.

மத்திய மாகாணத்திலும் பேராரிலும் இந்து எனப் பதிவானோருள் கால்பங்கினர் பிராமணரின் மேன்மையையும் வேதத்தின் தலைமையையும் மறுத்தனர் எனவும், மூன்றில் ஒரு பங்கினர் கோயிலினுள் செல்ல இயலாதவர் எனவும் அறிக்கை கண்டது. இவ்வளவுகோல்களுள் சில ஒருவர் எதனை நம்புகிறார் என வினவுகின்றன. வேறு சில பிறர் அவரை எவ்வாறு நடத்துகின்றனர் என வினவுகின்றன. கோயிலுக்குள் விடப்படாமை அவருடைய நம்பிக்கையன்று; அவர்மீது சுமத்தப்பட்ட விலக்கு. தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்த அம்பேத்கர் 1948இல் இவ்வளவுகோல்களைச் சான்றாக எடுத்தாண்டமைக்கு இதுவே காரணம் எனலாம்.

ஈழத்திலும் இப்பெயர் மாற்றத்தின் சுவடு உண்டு. ஆறுமுக நாவலர் தம் சமயத்தைச் சைவம் என்றே வழங்கினார். 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய பள்ளிக்குச் சைவப்பிரகாச வித்தியாசாலை எனப் பெயரிட்டார். 1888இல் யாழ்ப்பாணத்தில் அமைந்த சைவ பரிபாலன சபை, அடுத்த ஆண்டு தொடங்கிய இதழுக்கு ‘இந்து சாதனம்’ எனப் பெயர் சூட்டியது. சபை சைவத்தின் பெயரிலும் அதன் இதழ் இந்துவின் பெயரிலும் இயங்கின. உள்ளே வழிபடும் நெறிக்கு ஒரு பெயரும், கிறித்தவ மறைப்பணியாளர் முன்னும் அரசின் முன்னும் நிற்பதற்கு மற்றொரு பெயரும் தேவைப்பட்ட காலம் அது.

6. கோயில் வாயிலில் ஒரு வரையறை

விடுதலைக்குப்பின் ‘இந்து யார்?’ என்னும் வினா உச்ச நீதிமன்றத்தை அடைந்தது ஒரு கோயில் வாயிலிலிருந்து. சகசானந்தர் (1781–1830) தோற்றுவித்த சுவாமிநாராயண் நெறியினருக்கு அகமதாபாத்தில் நரநாராயணர் கோயில் உண்டு. 1947இல் பம்பாய் மாகாணம் அரிசனர் கோயில் நுழைவுச் சட்டத்தை இயற்றியது. அந்நெறியினருள் ஒரு சாரார் 1948இல் வழக்குத் தொடுத்து, தாம் இந்து சமயத்தினின்று வேறான தனி நெறியினர் எனவும், இந்துக் கோயில்களுக்குரிய அச்சட்டம் தம் கோயிலைக் கட்டுப்படுத்தாது எனவும் வாதிட்டனர்.

1966 சனவரி 14 அன்று தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் வழங்கிய தீர்ப்பு அவ்வாதத்தை ஏற்கவில்லை. நிறுவியவர், கடவுள், கோட்பாடு, சடங்கு ஆகியவற்றுள் எதிலும் ஒருமை வேண்டாத வாழ்க்கை நெறியாக இந்து சமயத்தை அது விளக்கியது. வேதத்தை மதித்தல், வீடுபேற்றுக்கு வழி பல என உணர்தல், வணங்கத்தக்க தெய்வங்கள் பல என ஏற்றல் என்னும் திலகரின் வரையறையைப் பொருத்தமானது எனக் கொண்டது. சுவாமிநாராயணர் நெறி இவ்வரையறையுள் அடங்கும் என முடிவாயிற்று.

இத்தீர்ப்பில் வரையறையின் விரிவு கதவைத் திறக்கும் கருவியாயிற்று. சமயத்தின் எல்லையைக் குறுக்கிக் காட்ட முயன்றவர் தலித் மக்களை வெளியே நிறுத்த விரும்பினர். எல்லையை விரித்துக் காட்டிய நீதிமன்றம் அவர்களை உள்ளே அனுமதித்தது. 1911இல் கோயிலுக்குள் விடப்படாமை ஒருவர் இந்து என்பதில் ஐயம் எழுப்பும் குறியாக இருந்தது. 1966இல் கோயில் இந்துக்களுடையது என்னும் முடிவே அவர் உள்ளே செல்வதற்குரிய அடிப்படையாயிற்று.

7. சட்டத்தின் எதிர்மறை வரையறை

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மற்றொரு வழியைக் கொண்டது. வீரசைவர், லிங்காயத்தர், பிரம்ம சமாசத்தார், ஆரிய சமாசத்தார் முதலியோரையும், பௌத்தர், சமணர், சீக்கியரையும் அது உள்ளடக்கியது. அதன்பின், இசுலாமியர், கிறித்தவர், பார்சி, யூதர் ஆகிய சமயத்தவர் அல்லாத ஏனையோருக்கும் பொதுவாக அச்சட்டம் பொருந்தும் என்றது. பட்டியல் பழங்குடியினருக்கு அரசு தனியே அறிவித்தாலன்றி அது பொருந்தாது. நம்பிக்கை எதனையும் சட்டம் வேண்டவில்லை.

இதன் முழுப்பொருள் தமிழகத்தில் வெளிப்பட்டது. 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்து, புரோகிதரும் தீயும் மந்திரமும் இன்றி நிகழும் சுயமரியாதைத் திருமணத்தை இரு இந்துக்களுக்கிடையே செல்லத்தக்கதாக்கியது. கடவுளையும் வேதத்தையும் மறுத்து மாலை மாற்றிக்கொள்ளும் இருவர், அம்மறுப்பினால் சட்டத்தின்முன் இந்து என்னும் நிலையை இழப்பதில்லை.

இவ்விரிவை அனைவரும் விரும்பி ஏற்கவில்லை. லிங்காயத்தருக்குத் தனிச் சமய நிலை வழங்குமாறு கர்நாடக அரசு 2018இல் நடுவணரசுக்குப் பரிந்துரைத்தது. கணக்கெடுப்பில் பழங்குடியினரின் சர்ணா நெறிக்குத் தனிக் குறியீடு வேண்டும் என ஜார்க்கண்டு சட்டமன்றம் 2020இல் தீர்மானம் நிறைவேற்றியது. மறுபுறம், 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணையின்படி, பட்டியல் சாதியினருக்குரிய பயன்கள் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாருக்கு மட்டுமே உரியன; கிறித்தவராகும் ஒருவர் அந்நிலையை இழக்கிறார். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் அவ்வாணையில் சேர்க்கப்பட்டனர்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. ‘இந்து’ என்னும் பெயர் ஆற்றிலிருந்து நிலத்திற்கும், நிலத்திலிருந்து மக்களுக்கும், மக்களிடமிருந்து சமயத்திற்கும் பெயர்ந்தது. வேள்வி, வினைக் கோட்பாடு, பத்தி ஆகியன வெவ்வேறு காலத்து அடுக்குகள். ஒன்று மற்றொன்றனை நீக்காமல் உடன் நின்றமையே இம்மரபின் தனித்தன்மை. அவற்றுள் ஒன்றனை மட்டும் ‘அடிப்படை’ எனத் தேர்ந்தால், இந்து எனப்படுவோருள் ஒரு பகுதியினர் வெளியேறுவர்; அல்லது பிற சமயத்தார் உள்ளே வருவர்.

‘அடிப்படை நம்பிக்கைகள் யாவை?’ என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலத்தும் தரப்பட்ட விடை, அவ்வினாவை எழுப்பியவரின் தேவையோடு பிணைந்திருந்தது. சைவ ஆசிரியர் வாதில் வெல்லவும், ஆங்கிலேய அலுவலர் எண்ணவும், நீதிபதி கோயில் வாயிலைத் திறக்கவும் வரையறை வகுத்தனர். ஆகவே இச்சமயத்தின் கொள்கைகளைத் தொகுத்துரைக்கும் எந்த ஆய்வும், அத்தொகுப்பினால் யார் உள்ளே வருகின்றனர், யார் வெளியே நிற்கின்றனர், அவர்களுள் யாருடைய விருப்பம் கேட்கப்பட்டது என்பனவற்றையும் உடன் ஆராய்தல் இன்றியமையாததாகும்.